சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியவர்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். "விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதாதீங்க, ஏற்கெனவே ஏழு பேர் எழுதியாச்சு" என்றார்கள். சரி, சாம்பாரை விட்டுவிடுகிறேன். நான் படித்தது வரலாறு. ஓய்வுக்குப் பிறகு குடியிருப்பது மாடம்பாக்கம். ஆகவே இந்த வட்டாரத்து வரலாற்றிலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் மின்சார ரயிலில் வந்து படித்தவர்கள். குரோம்பேட்டை தாண்டி, தாம்பரம் வருவதற்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் வருமே, நினைவிருக்கிறதா? தாம்பரம் சானடோரியம். ஒரு ஆஸ்பத்திரியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஸ்டேஷன் அது. அந்தக் காலத்தில் அங்கே வண்டி நின்றால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிற பழக்கம் பலருக்கு இருந்தது. "அங்க இறங்குறவங்க பக்கத்துல உக்காராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். முதலில் காசநோய்க்காக அந்தப் பயம். பிறகு தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. வந்தது, பயம் இரண்டு மடங்காயிற்று.

நோயைப் பற்றி மக்களுக்கு யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், யார் மேல் பழியைப் போட்டுச் சொல்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மருத்துவம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய செய்திகளைப் பெண்ணியப் பார்வையில் ஆராய்வது இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. 'பெண்ணியம்' என்றதும் நண்பர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கேள்வி மிகவும் எளியது. ஒரு செய்தி யாருடைய உடம்பைப் பற்றியதோ, அவருக்கு அந்தச் செய்தியில் ஒரு வாய் இருக்கிறதா? இதற்கான பாடத்தை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலேயே கிடைக்கிறது.

பெயரிலேயே பழி

பால்வினை நோய்க்கு நம் ஊர்ப் பேச்சு வழக்கில் என்ன பெயர் என்பது மூத்த நண்பர்களுக்குத் தெரியும். 'பொம்பளைச் சீக்கு' என்பார்கள். சீக்கு வந்தவர் ஆணாக இருக்கலாம், அவரிடமிருந்து அவர் மனைவிக்குப் போயிருக்கலாம். ஆனால் பெயர் மட்டும் பொம்பளைச் சீக்கு. நோயின் பெயரிலேயே குற்றவாளி யார் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இது வெறும் பேச்சு வழக்கு மட்டும் அல்ல. சட்டமாகவும் இருந்திருக்கிறது. 1868இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ராணுவ வீரர்களிடையே பால்வினை நோய் பெருகியதால் வந்த சட்டம். கன்டோன்மென்ட் பகுதிகளில் இதற்கு முன்பே இப்படிப்பட்ட விதிகள் நடைமுறையில் இருந்தன. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் வந்து உடல் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற பூட்டிய மருத்துவமனையில் அடைபட வேண்டும். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்று நம் பக்கத்திலேயே, பரங்கிமலை கன்டோன்மென்ட்டில் இருந்தது. சிப்பாய்களுக்கு இந்தப் பதிவும் கிடையாது, பூட்டும் கிடையாது.

சட்டத்தின் கணக்குப்படி நோய் ஒரே திசையில்தான் பயணம் செய்தது, பெண்ணிடமிருந்து ஆணுக்கு. இங்கிலாந்திலும் இதே போன்ற சட்டம் இருந்தது. ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் போராடினார். ஒரே செயலுக்கு ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இங்கிலாந்தில் 1886இல் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1888இல் போனது. சட்டம் போனது, ஆனால் சட்டத்தின் புத்தி போகவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கோஷா ஆஸ்பத்திரி

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு கதையும் நடந்தது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண், வழக்கறிஞரான கணவரோடு சென்னையில் குடியிருந்தவர். பிரசவத்தில் இங்குள்ள பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, மருத்துவமே படித்துவிடுவது என்று முடிவு செய்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் இவர். உலகின் பல புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

லண்டன் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்த ஷார்லீப்பின் முயற்சியால், 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கியது. கோஷா ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் சொன்னது அதைத்தான். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது.

அன்று திரைக்குப் பின்னால் இருந்த பெண், ஆண் டாக்டரிடம் நேரே பேச மாட்டாள். "எங்கே வலி?" என்று டாக்டர் கேட்டால் கணவரோ மாமியாரோதான் பதில் சொல்வார்கள். வலி ஒருவருக்கு, வார்த்தை இன்னொருவருக்கு! பெண் மருத்துவர் வந்தவுடன் நோயாளிக்குத் தன் வாயாலேயே தன் நோயைச் சொல்ல முடிந்தது. மருந்தும் கத்தியும் அதே மருந்தும் கத்தியும்தான். கேட்கிற காது மாறியது. அதுவே ஒரு பெரிய சிகிச்சை. 1912இல் அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பிறகு சட்டமன்றம் வரை அந்தக் குரலைக் கொண்டுபோனதை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

மலையடிவாரத்து மருத்துவமனை

இனி நம் சானடோரியத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்தி அனுபவம் பெற்ற டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரம் அருகே பச்சைமலை அடிவாரத்தில் இதைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, இவைதான் சிகிச்சை. 1937இல் அரசு இதை எடுத்துக்கொண்டது.

மருந்துகள் வந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. மாதக்கணக்கில் விடுதியில் படுத்திருந்தால்தான் குணமாகுமா, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் போதாதா? இதற்கு விடை கண்டது சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு வீட்டில். மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றே. ஒரு வருஷம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் நெருக்கடி, சாப்பாடும் சுமார், வேலையும் அதிகம். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுதும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன.

அருமையான ஆராய்ச்சி, சந்தேகமே இல்லை. ஆனால் இதற்குள் ஒரு சின்னச் செய்தி ஒளிந்திருக்கிறது. 'வீட்டு சிகிச்சை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நம் வீடுகளில் அது என்ன? வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, கஞ்சி வைப்பது, எச்சில் பாத்திரத்தைக் கழுவுவது, பிள்ளைகளைத் தள்ளிப் படுக்க வைப்பது. நம் குடும்பங்களில் இதெல்லாம் யார் செய்வார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? சானடோரியத்தில் நர்ஸ் செய்தால் அது வேலை, சம்பளம் உண்டு. வீட்டில் மனைவியும் தாயும் செய்தால் அது 'வீடு'. விஞ்ஞானச் செய்தியில் யாருடைய உழைப்புக்குப் பெயர் இருக்கிறது, யாருடைய உழைப்புக்குப் பெயர் இல்லை என்று பார்ப்பதும் நான் சொன்ன அந்தப் பார்வையில் ஒரு பகுதிதான்.

ஆறு ரத்த மாதிரிகள்

1986. எய்ட்ஸ் என்றால் அமெரிக்காக்காரர்கள் நோய், நம்ம நாட்டுக்கு வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு சிறு குழந்தைகளின் தாய். "நம்ம ஊரில் இது இருக்கிறதா என்று தேடிப் பாரேன்" என்ற பேராசிரியரின் யோசனையை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டார் நிர்மலா.

தேடுவதற்கு அவருக்குக் கிடைத்த இடம், பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை அரசு வைத்திருந்த காப்பகம். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்தில் 80க்கு மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது, பாதுகாப்புக் கருவி கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு, கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று கண்டறிந்தது அந்தப் பயணம். மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்தார்கள். மே மாதத்தில் சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இரண்டு பெண்கள், கைக்காசு செலவழித்து, வீட்டு ஃபிரிட்ஜை ஆராய்ச்சிக்கூடமாக்கி, நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடித்தார்கள். நிர்மலாவின் பெயர் வெளியில் பரவலாகத் தெரிவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. இதுவும் யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வரலாறு படித்ததில் அர்த்தமில்லை. ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்காக எடுக்கிறார்கள் என்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அன்றைய நடைமுறை அப்படி. நாட்டுக்கு மிகப் பெரிய செய்தியைத் தந்த அந்த ஆறு பெண்களும் வரலாற்றில் 'ஆறு' என்ற எண்ணாகவே நின்றுவிட்டார்கள்.

அடைத்து வைத்தால் தீருமா?

செய்தி வெளியானதும் என்ன நடந்தது? முதலில் தேடியது பாலியல் தொழிலாளரிடம், ஆகவே முதலில் கிடைத்ததும் அவர்களிடம். உடனே ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள், "இவங்கதான் பரப்புறாங்க" என்று. தேடிய இடத்தில் கிடைத்தது என்பது வேறு, அங்கேதான் பிறந்தது என்பது வேறு. டார்ச் அடித்த மூலையில்தான் தூசி தெரியும். மற்ற மூலையில் தூசியே இல்லை என்று ஆகிவிடுமா?

நான் முன்னே சொன்ன பழைய சட்டத்தின் புத்தி மறுபடி தலைகாட்டியது. சோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகங்களில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் அவர்களை விடுவிக்க உத்தரவு கிடைத்தது. அதே 1990இல்தான் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியிலிருந்து 800க்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் தனி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர். முக்தி என்றால் விடுதலை. வந்திறங்கியவர்களைச் சோதித்தார்கள், காப்பகத்தில் வைத்தார்கள். விடுதலை ரயிலின் கடைசி ஸ்டேஷன் இன்னொரு பூட்டு!

1868க்கும் 1990க்கும் நடுவே 122 ஆண்டுகள். வாடிக்கையாளரான ஆணைத் தேடி இரண்டு முறையும் யாரும் போகவில்லை. இதை ஒழுக்கப் பிரச்சினையாக நான் சொல்லவில்லை. கணக்குப் பிரச்சினையாகவே சொல்கிறேன். பாதி ஆட்களை விட்டுவிட்டு எந்தத் தொற்றுநோயையும் யாரும் கட்டுப்படுத்தியதில்லை.

வீட்டுக்குள் இருந்தவர்கள்

தாம்பரம் சானடோரியம் 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. எச்.ஐ.வி. உள்ளவர்களை முதலில் பிடிப்பது பெரும்பாலும் காசநோய் என்பதால், நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இயல்பு. வேறு இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அதே 1993இல் டாக்டர் சுனிதி சாலமன் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார்.

அங்கே வந்த பெண்கள் யார்? 2000இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களைப் பற்றிச் சொல்கிறது. அவர்களில் 81 சதவீதம் பேர் வீட்டுக்காரிகள். 88 சதவீதம் பேர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 'ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழுங்கள், நோய் வராது' என்று சுவரெங்கும் எழுதினோமே, அந்த அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள்!

இங்கேதான் நண்பர்களே, என் கட்டுரையின் மையம் இருக்கிறது. அந்த அறிவுரை பொய்யல்ல, ஆனால் அது அந்தப் பெண்ணுக்காக எழுதப்பட்டது அல்ல. 'பாதுகாப்பாக இருங்கள்' என்று சொன்னால், கணவரிடம் ஆணுறை போடச் சொல்ல அவளுக்கு வீட்டில் பேச்சுரிமை இருக்கிறது என்று செய்தி எழுதியவர் நினைத்துக்கொள்கிறார். 'சோதனை செய்துகொள்ளுங்கள்' என்று சொன்னால், சோதனை முடிவு வந்த மறுநாளும் அவள் அதே வீட்டில் இருக்க முடியும் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் கர்ப்பக் காலத்துச் சோதனையில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் மனைவிக்கு. அதனால், "இவ வந்துதான் எம் புள்ளைக்கு வந்துச்சு" என்று மாமியார் வீட்டில் சொல்லிவிடுவார்கள். கணவன் இறந்ததும் பையோடு வெளியே. முதலில் தெரிந்தவளே முதல் குற்றவாளி. பொம்பளைச் சீக்கு என்ற பெயருக்கு இத்தனை ஆயுள்.

1998இல் இது மாறத் தொடங்கியது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன இந்தியப் பெண்களில் முதன்மையானவர். திருமணத்தின் மூலம் நோய் வந்தவர். சென்னையில் 18 பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். அதுவரை இவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். இப்போது இவர்களே பேசினார்கள். மருந்து, சொத்துரிமை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டாக்டர் தொட்டுப் பார்க்கிறாரா இல்லையா என்று அவர்கள் பட்டியல் வேறாக இருந்தது. சுவர் விளம்பரம் எழுதியவர்களின் பட்டியலில் இவை இருந்ததில்லை.

பாஸ்டன் நகரில் 1970 வாக்கில் சில பெண்கள் கூடிப் பேசி, பெண்ணின் உடம்பைப் பற்றிப் பெண்களே எழுதிய ஒரு கையேட்டைக் கொண்டுவந்தார்கள். அது பிறகு உலகப் புகழ் பெற்ற புத்தகமானது. அங்கே மாணவிகளும் இல்லத்தரசிகளும் செய்த அந்தக் காரியத்தை, இங்கே எழுத்தாளர் பட்டமோ டாக்டர் பட்டமோ இல்லாத இளம் விதவைகள் செய்தார்கள். எனக்கு இது அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரு சொல் மாறினால்

2003இல் தமிழ்நாட்டுச் சுவர்களில் திடீரென்று ஒரு கேள்வி முளைத்ததே, ஞாபகம் இருக்கும். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? டீக்கடை, பேருந்து, கல்லூரி வாசல் எங்கும் அதே பேச்சு. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது! கேலி ஒரு புறம் இருக்கட்டும், அதில் ஒரு முக்கியமான திருப்பம் இருந்தது. முதன்முறையாக ஊரறியக் கேள்வி ஆணைப் பார்த்துத் திரும்பியது. 'யார் பரப்புகிறாள்' என்பது போய், 'நீ என்ன செய்கிறாய்' என்று வந்தது. ஆனால் என் போன்றவர்களுக்கு அதன் தொடர்ச்சியாக இன்னொரு கேள்வி மனதில் எழுந்தது. புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா? அவளிடம் யார் கேட்டார்கள்?

இன்னொரு மாற்றம் அவ்வளவு சத்தம் போடாமல் நடந்தது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்கும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 'தாயிடமிருந்து சேய்க்கு' என்ற பெயரில் அழைத்தது. இந்தியாவில் அந்தத் திட்டம் 2000க்குப் பின் விரிவானபோது 'பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவக் கணக்கில் தொற்று தாயின் உடம்பு வழியாகத்தான் போகிறது. ஆனால் தாய்க்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் அந்தப் பெயர் தன்னோடு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிப் பலகையில் ஒரு சொல் மாறியதால், கணவனையும் சோதனைக்குக் கூப்பிட செவிலியருக்கு ஒரு பிடி கிடைத்தது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். 'எய்ட்ஸ் நோயாளி' என்பது 'எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்' என்று ஆனதும் இப்படித்தான். நோயாளி என்றால் படுக்கை. வாழ்பவர் என்றால் வேலை, பிள்ளை, வாடகை, ரேஷன் கார்டு எல்லாம் உண்டு.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. 2001 வாக்கில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியிருந்த எச்.ஐ.வி. விகிதம், பத்து ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. 2017இல் எச்.ஐ.வி. பற்றிய தனிச்சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விவரம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே சோதனை என்கிறது அது. பாதிக்கப்பட்டவரைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. 1986இல் காப்பகத்தில் கேட்கப்படாத சம்மதமும், மாமியார் வீட்டு வாசலில் பறிபோன கூரையும் 31 ஆண்டு கழித்துச் சட்டத்தின் பிரிவுகளாயின. அதைச் சட்டப் புத்தகத்துக்குக் கொண்டுபோனதில், தாங்களே எழுந்து பேசியவர்களின் பங்கு பெரிது.

டாக்டர் சுனிதி சாலமன் 2015இல் காலமானார். பின்னாளில் அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். 'இதோடு வாழ்க்கை முடியவில்லை' என்று நூறு நோட்டீஸ் அடிப்பதைவிட, ஒரு கல்யாணப் பத்திரிகை அதைத் தெளிவாகச் சொல்லிவிடுமே!

நம் கையில் இருப்பது

இதையெல்லாம் நம் மலரில் ஏன் எழுதுகிறேன் என்றால், செய்தி எழுதுகிற இடத்தில் இருப்பவர்கள் நாம்தான். நம் செட்டுகளில் டாக்டர்கள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள், அரசு அதிகாரிகள், விளம்பரத் துறைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சம் குடியிருப்போர் நலச் சங்கத்துச் செயலாளராகவாவது ஒருவர் இருப்பார். மருந்துச் சீட்டின் பின்பக்கம், மிஷின் கையேடு, ஏரியில் குப்பை போடாதே என்ற பலகை, எல்லாம் நம்மைப் போன்றவர்கள் எழுதுவதுதான்.

மாடம்பாக்கம் 2021 வரை பேரூராட்சி, இப்போது தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் உள்ள ஊர். மழைக்காலம் வந்தால் எந்த ஊரிலும் கொசு ஒழிப்பு நோட்டீஸ் வரும். 'இல்லத்தரசிகளே, தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள்' என்று ஆரம்பிக்கும். படித்துப் பாருங்கள். வீட்டில் குழாய்த் தண்ணீர் தினமும் வந்தால் எந்த இல்லத்தரசியாவது பத்து குடத்தில் பிடித்து வைப்பாளா? மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி போட வேண்டியது யார், காலி மனையில் தேங்கியதை இறைக்க வேண்டியது யார்? நோட்டீஸில் அவர்களுக்கு ஒரு வரி கூட இருக்காது. கொசுவும் பொம்பளைச் சீக்குதான் போல!

நான் பெரிய தத்துவம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை ஓர் அறிவிப்பு எழுதும்போது நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது யாருடைய உடம்பைப் பற்றியது, அவரைக் கேட்டோமா? இதில் சொல்லும் வேலையை உண்மையில் யார் செய்யப்போகிறார்? அதைச் செய்ய அவர் கையில் அதிகாரமும் தண்ணீரும் பணமும் இருக்கிறதா? பழி யார் மேல் விழுகிறது, அது நியாயமா? நான்குக்கும் பதில் எழுத அரை மணி நேரம் ஆகும். பரங்கிமலை பூட்டு ஆஸ்பத்திரியிலும் 1990இன் காப்பகங்களிலும் அந்த அரை மணி நேரத்தை யாரும் செலவழிக்கவில்லை.

சந்திப்புக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலோர் மின்சார ரயிலில்தான் வருவீர்கள். சானடோரியத்தில் வண்டி நிற்கும்போது பக்கத்தில் உங்கள் பேத்தி இருந்தால், அந்த ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லுங்கள். நிர்மலாவின் பெயரையும் கௌசல்யாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரில்லாத அந்த ஆறு பேரைப் பற்றியும் சொல்லுங்கள்.